ஐம்பது ரூபாய்ச் சட்டமும் கொங்கு நாட்டு ஜீவகாருண்யமும்

கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிச் சித்திரை மாதத்தில் கூடும் மாட்டுச் சந்தையைக் காங்கயம் வட்டாரத்துக் குடியானவர்கள் வருஷம் முழுவதும் எதிர்நோக்கியிருப்பார்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த காளைகளையும் பசுக்களையும் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவிக் கொண்டுவந்து கட்டிவிட்டு, வாங்க வருகிறவர் சுழி பார்த்து, பல் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து, பேரம் படிந்தபின் தம் கயிற்றைக் கழற்றிக்கொண்டு, மாட்டின் முதுகை ஒருமுறை தடவிக்கொடுத்து வழியனுப்பும் அந்தக் குடியானவரைப் பார்க்கிறவர்கள், ஜீவகாருண்யம் இந்நாட்டுக்குப் புத்தகத்தின் வழியாக வந்து சேர வேண்டிய விஷயம் அன்று என்பதை உடனே உணர்வார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அரும்பாடுபட்டு மேன்மைப்படுத்திய மாட்டினம் மேயும் பூமி இது. விஜயமங்கலத்திலும் சீனாபுரத்திலும் கோயில் எழுப்பி வாழ்ந்த சமணர்கள் கொல்லாமையை உபதேசித்த பூமியும் இதுவே.

இதே பூமியில்தான் பொள்ளாச்சிச் சந்தையும் இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் கூடும் அந்தச் சந்தையிலிருந்து, கறவை வற்றிய பசுக்களும் ஏரிலிருந்து ஓய்ந்த எருதுகளும் லாரிகளில் ஏற்றப்பட்டுக் கேரளத்துக்குப் புறப்படுகின்றன. ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது என்று 1978-ஆம் வருஷத்துப் பிராணிகள் போக்குவரத்து விதிகள் சொல்கின்றன. கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும், வழியில் தீவனமும் தண்ணீரும் வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. ஆனால் இந்த ஆறு என்ற எண்ணை மதியாமல் புறப்படும் வண்டிகளில், பலகையில் கால்வைக்க மறுக்கும் மாட்டின் வாலை முறுக்கியும், தார்க்குச்சியால் விலாவில் குத்தியும் உள்ளே தள்ளி, ஒன்றன் கொம்பு மற்றொன்றின் கண்ணருகில் இருக்குமாறு நெருக்கிக் கட்டி, படுத்துவிட்டால் மிதிபட்டுச் சாகும் என்பதற்காகத் தலைக்கயிற்றை மேல்சட்டத்தோடு இறுக்கிவிடுவதும் உண்டு. கண்ணபுரத்தில் முதுகு தடவப்பட்ட அதே மாடு, பத்து வருஷம் கழித்து இந்த லாரியில் நிற்கக் கூடும் என்பதுதான் இதில் மிகுந்த வேதனைக்குரிய சங்கதி.

அவ்வாறு துன்புறுத்துகிறவருக்கு இந்தியச் சட்டம் விதிக்கும் தண்டனை என்ன? 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, முதல் முறை குற்றம் செய்தவருக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும் அபராதம். மூன்று வருஷத்துக்குள் மறுபடியும் அதே குற்றத்தைச் செய்து அகப்பட்டால், இருபத்தைந்து முதல் நூறு ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் பிறந்த காலத்தில் ஐம்பது ரூபாய்க்கு ஏறக்குறைய அரைப் பவுன் தங்கம் வாங்கலாம். ஆகவே அன்று அது குற்றவாளியின் மடியை உண்மையாகவே கனமிழக்கச் செய்த தண்டனை. இன்றோ கோவை காந்திபுரத்தில் இருவர் அமர்ந்து சிற்றுண்டி அருந்தவும் அத்தொகை போதாது. பிராணியை அடிப்பது, உதைப்பது, சக்திக்கு மீறிய பாரம் ஏற்றுவது, நோயுற்றதை வேலை வாங்குவது, அசைய முடியாத கூண்டில் அடைப்பது, பட்டினி போடுவது, ஆதரவின்றிக் கைவிடுவது ஆகிய அனைத்தையும் அந்தச் சட்டம் நுட்பமாக எண்ணிப்பார்த்துக் குற்றமென்று எழுதி வைத்திருக்கிறது. எழுதியதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. தண்டனை மட்டும் அறுபது வருஷத்துக்கு மேலாக இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

தொகை சிறிது என்பதோடு குறை முடியவில்லை. இந்தச் சட்டத்தின்படி, பிராணியைக் கொடூரமாகக் கொல்லுவது, ஊனப்படுத்துவது, சண்டைக்களம் நடத்துவது போன்ற சில குற்றங்களில் மட்டுமே போலீஸார் தாமாக விசாரணையில் இறங்கலாம். அடித்தல், அதிக பாரம், பட்டினி முதலிய மற்றவற்றுக்கு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். குற்றம் நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால், அதன்பின் தொடுக்கவே முடியாது என்று 36-ஆவது பிரிவு கதவைச் சாத்திவிடுகிறது. தெருவோரம் அடிபட்டுக் கிடக்கும் நாயையோ, காலொடிந்தும் வண்டியில் பூட்டப்பட்ட எருதையோ கண்டு மனம் பொறாமல் புகார் எழுதிக்கொண்டு காவல் நிலையம் செல்லும் கல்லூரிப் பெண்ணுக்கு அங்கே கிடைக்கும் பதில், பெரும்பாலும் அனுபவஸ்தரான ஒரு தலைமைக் காவலரின் வாயிலிருந்து இவ்வண்ணம் வரும்: “கேஸ் போடறதுக்கு எனக்கொண்ணும் இல்லீங்க, அம்மிணி. நாளைக்குக் கோர்ட்டுல அம்பது ரூபாயைக் கட்டிப்போட்டு, அந்த ஆளு என்ற முன்னாலயே மீசையை முறுக்கிட்டுப் போவான். அப்புறம் உங்களுக்கும் எனக்கும் என்ன மருவாதைங்க?” இதில் அலட்சியம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சட்டத்தின் பலவீனத்தை நம்மைவிட அருகிலிருந்து பார்த்தவரின் சலிப்பு அது.

இந்தச் சலிப்புக்கு மருந்து தேடிப் புறப்பட்டவர்களே பிராணிநலத் தொண்டர்கள். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இவர்களை நான் பல நிலைகளில் பார்க்கிறேன். பகலில் கணிப்பொறி நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு இரவில் அடிபட்ட நாயை ஆட்டோவில் ஏற்றிச் செல்லும் இளைஞர்களும், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் சட்டப் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்களும், வீட்டு வேலையை முடித்துவிட்டு மனு எழுத அமரும் இல்லத்தரசிகளும் இவர்களில் இருக்கிறார்கள். இவர்களுடைய சேவையில் கண்ணுக்குத் தெரிவது காயத்துக்கு மருந்து போடுவதுதான். தெரியாதது, அந்தக் காயத்தைச் சாட்சியாக மாற்றுவது. எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி, வண்டியின் எண் என்ன, எத்தனை மாடுகள், காயம் எங்கே என்று குறித்து, படம் பிடித்து, கால்நடை மருத்துவரிடம் எழுத்தில் சான்று வாங்கி, மூன்று மாதக் கெடுவுக்குள் நீதிமன்றத்தின் முன் கொண்டுபோய் நிறுத்துவது சாமானியமான காரியம் அன்று. சட்டம் திருத்தப்பட வேண்டும் என்று டில்லியில் வாதாடுகிறவர்களின் கையில் இருக்கும் ஆதாரமெல்லாம், இப்படிப் பல ஊர்களில் பலர் குறித்து வைத்த குறிப்புகளிலிருந்து திரண்டதே.

இவர்களுக்கு முன்னோடி தமிழ்நாட்டுப் பெண்மணி ஒருவர் என்பதை நம் வாசகர்களில் பலர் மறந்திருக்கக் கூடும். ருக்மிணி தேவி அருண்டேலைப் பரதநாட்டியத்தோடும் கலாக்ஷேத்திரத்தோடும் இணைத்தே நாம் நினைக்கிறோம். 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட அவர், அங்கே சென்றதும் கலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிராமல், பிராணிகளை வதைப்பதைத் தடுக்கத் தனி அங்கத்தினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் 1890-இல் இயற்றப்பட்ட பழைய சட்டமே அன்று வழக்கில் இருந்தது. மசோதாவின் நோக்கத்தை மனமார ஆதரித்த பிரதமர் நேரு, சர்க்காரே விரிவான சட்டம் ஒன்றைக் கொண்டுவரும் என்று உறுதி கூறி, அதைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டார். ருக்மிணி தேவி இசைந்தார். ஆனால் அந்த வாக்குறுதி சட்டமாகிப் பத்திரத்தில் ஏறும் வரை அவர் ஓயவில்லை. 1960-இல் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் 1962-இல் அமைந்த இந்தியப் பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். உலகிலேயே பிராணி நலத்துக்காகச் சட்டபூர்வமாக ஒரு சர்க்கார் அமைத்த முதல் ஸ்தாபனம் அது என்பார்கள். 1977-இல் ஜனாதிபதி பதவிக்கு மொரார்ஜி தேசாய் அவரை அழைத்தபோது வேண்டாமென்று மறுத்தவர், வாரியத்தின் தலைமையை மட்டும் 1986-இல் மறையும் வரை விடவில்லை. வெகுகாலம் சென்னையில் இருந்த அந்த வாரியத்தின் தலைமையகம் 2018-இல் ஹரியானாவிலுள்ள பல்லப்கட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டது. அது நமக்கு ஒரு நஷ்டமே என்று கருதுகிறேன்.

உலகில் வேறெங்கும் இந்த வேலை சுலபமாக நடந்துவிடவில்லை. மாடுகளையும் குதிரைகளையும் கொடுமையாக நடத்துவதைத் தடுத்து இங்கிலாந்தில் 1822-இல் ரிச்சர்டு மார்ட்டின் என்பவரின் முயற்சியால் சட்டம் வந்தது, அமல்படுத்த ஆளில்லை. இரண்டு வருஷம் கழித்து லண்டனில் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார் சிலரைக் கூட்டிச் சங்கம் தொடங்கி, ஸ்மித்ஃபீல்டு கால்நடைச் சந்தைக்குக் கண்காணிப்பாளர்களை அனுப்பினார். சங்கத்தின் கடனுக்காக அந்தப் பாதிரியாரே சிறை செல்ல நேர்ந்தது. பிற்காலத்தில் விக்டோரியா ராணியின் ஆதரவைப் பெற்றுப் புகழ்பெற்ற சங்கம் அதுதான். 1861-இல் கல்கத்தாவில் தொடங்கி, நம் நாட்டு நகரங்களில் தோன்றிய பிராணிவதைத் தடுப்புச் சங்கங்களும் அந்த வழியைப் பின்பற்றியவையே.

தொண்டர்களின் முயற்சி சட்டமாக மலர்வது எப்படி என்பதற்கு, நம் அருகிலேயே இருக்கும் நல்ல உதாரணம் தெருநாய்களின் வரலாறு. கேப்டன் சுந்தரம் என்ற விமானியும் அவருடைய குடும்பத்தாரும் 1959-இல் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ், நகராட்சிகள் நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தால் நாய்களும் குறையவில்லை, வெறிநாய்க்கடியும் குறையவில்லை என்பதைக் கவனித்து, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அந்தந்தத் தெருவிலேயே விட்டுவிடுவதே உசிதமான மார்க்கம் என்று 1964-லிருந்தே சொல்லிவந்தது. கொன்றுவிட்ட இடத்துக்கு வேறு தெருவின் நாய் வந்து சேரும்; கருத்தடையும் ஊசியும் பெற்ற நாய் தன் எல்லைக்குள் அந்நியனை விடாது, தானும் பெருகாது என்ற எளிய உண்மையே அதற்கு ஆதாரம். முப்பது வருஷத்துக்கு மேல் அதற்குச் செவிசாய்ப்பார் இல்லை. 1996-இல் சென்னை மாநகராட்சி ஏற்றது. 2001-இல் அதுவே நாடு முழுவதற்குமான மத்திய சர்க்கார் விதியாயிற்று. 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. முதலில் செய்து காட்டினார்கள். பிறகே சட்டமாக்கும்படி கேட்டார்கள். இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கோவையில் இந்தக் காரியத்தைத் தோளில் சுமந்தது, 2006-இல் தொடங்கிய ஹியூமேன் அனிமல் சொசைட்டி. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து, தெருநாய்களின் நிலை கண்டு அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான மினி வாசுதேவனுக்கு மத்திய சர்க்காரின் நாரி சக்தி விருது கிடைத்தது. அந்த விருதைவிடப் பெரிதாக நான் எண்ணுவது, மாநகராட்சியோடு சேர்ந்து வலையும் வண்டியுமாகத் தெருத் தெருவாய்ச் சென்று நாயைப் பிடித்து, அறுவை செய்து, காதில் அடையாளமாகச் சிறு வெட்டு இட்டு, புண் ஆறும் வரை வைத்திருந்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடும் அந்த ஓயாத உழைப்பை. இன்று தெருநாய்ப் பிரச்சினை சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 2025-இல் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவுகள் வந்திருக்கின்றன. கடிபட்ட குழந்தையின் தாய்க்கு இருக்கும் கோபம் முற்றிலும் நியாயமானது; அந்தக் கோபத்தைத் தொண்டர்கள் எதிரியாகக் கருதினால் காரியம் கெடும். எங்கே விதி ஒழுங்காக நிறைவேறியதோ அங்கே குழந்தையும் நாயும் இரண்டுமே பத்திரமாக இருக்கின்றன என்பதைக் காட்டுவதுதான் அவர்களால் சொல்லத்தக்க பதில்.

இனி, தோல்விகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். சட்டத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தவர்கள் தமிழ்நாட்டில் இருமுறை திரும்பிவர நேர்ந்திருக்கிறது. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950-இலேயே சென்னை ராஜ்யத்தில் இயற்றப்பட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஏட்டில் உறங்கிக்கிடந்த அதை 2003-இல் முதலமைச்சர் ஜெயலலிதா திடீரென அமல்படுத்தச் சொன்னபோது, மாரியம்மனுக்கும் கருப்பராயனுக்கும் கிடா வெட்டி நேர்த்திக்கடன் செலுத்தி வந்த கிராமங்கள் கொதித்தெழுந்தன. 2004-இன் தொடக்கத்தில் சட்டமே நீக்கப்பட்டது. நான் பலியை விரும்புகிறவன் அல்லன். பலிக்குப் பதிலாகப் பொங்கல் வைத்து வழிபடும் குடும்பங்கள் கொங்கு நாட்டில் பெருகி வருவதைச் சந்தோஷத்தோடு பார்க்கிறவன். ஆனால் அந்த மாற்றம், பாட்டியோடு பேத்தி வாதாடி மனம் மாற்றிய வீடுகளில் நிலைத்திருக்கிறது. போலீஸ் ஜீப்பு வந்து நின்ற கோயில்களில் நிலைக்கவில்லை.

ஜல்லிக்கட்டு விவகாரம் இன்னும் பெரிது. 2014 மே 7-ஆம் தேதி பிராணிகள் நல வாரியம் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் பினாகி சந்திர கோஷும் அளித்த தீர்ப்பு, பசி தாகத்திலிருந்தும், பயத்திலிருந்தும், உடல் அசௌகரியத்திலிருந்தும், வலி நோயிலிருந்தும் விடுதலை, இயல்புப்படி வாழும் விடுதலை என்ற ஐந்து சுதந்திரங்களைப் பிராணிகளுக்கு அங்கீகரித்த மகத்தான தீர்ப்பு. ஜல்லிக்கட்டைத் தடைசெய்த அதே தீர்ப்புதான், தங்கள் குரல் எங்கும் கேட்கப்படவில்லை என்ற உணர்ச்சியைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூட்டியது. காங்கயத்தை அடுத்த குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையத்தை நடத்திவரும் கார்த்திகேய சிவசேனாபதி போன்றவர்கள், விழா நின்றால் காளையை வளர்ப்பார் இல்லாமற்போய் நாட்டினமே அற்றுப்போகும் என்று வாதாடினார்கள். 2017 ஜனவரியில் கோவை வ.உ.சி. மைதானத்தில் இரவும் பகலும் அமர்ந்திருந்த மாணவர்களின் கூட்டம் அந்த வாதத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் வந்தது; 2023 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றது. காளையின் வாலைக் கடித்ததையும் கண்ணில் மிளகாய்ப் பொடி தூவியதையும் எதிர்த்து எழுந்த தொண்டர்களின் நோக்கம் தூய்மையானது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆயினும் காளையை வளர்க்கிறவரை எதிர்த்தரப்பில் நிறுத்திவிட்டுக் காளைக்காக வாதாட முடியாது என்பதை அந்த மூன்று வருஷங்கள் காட்டின.

ஆகையால் சட்டத் திருத்தத்துக்காக உழைக்கும் கொங்கு நாட்டுத் தொண்டர் ஒருவர் முதலில் பதில் சொல்ல வேண்டியவர், தாராபுரத்துப் பக்கம் தோட்டத்துச் சாளையில் வசிக்கும் குடியானவரே. அவர் கேட்கும் கேள்வி எனக்குப் பழக்கமானது: “நீங்க சொல்றது ஞாயந்தானுங் கண்ணு. பத்து வருசம் எனக்கு ஏரோட்டிப் போட்ட எருது. லாரியில ஏத்தறப்ப எனக்கு மட்டும் வவுறு எரியாதுங்களா? தீவனம் விக்கிற வெலைக்கு அதை நான் எங்க கொண்டுபோய்க் கட்டறதுங்க?” கறவைக்காகச் சீமைக் கலப்பினம் வந்தபின், பிறக்கும் காளைக்கன்றுக்கு ஏரிலும் இடமில்லை, வண்டியிலும் இடமில்லை, பால் குடி மறக்குமுன் அது சந்தைக்குப் போய்விடுகிறது. இந்தக் கேள்விக்கு அபராதத் தொகையை உயர்த்துவது விடையாகாது. 2017 மேயில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகள், கொலைக்களத்துக்காகச் சந்தையில் மாடு விற்பதையே தடுக்க முற்பட்டு, மதுரைக் கிளையில் தடையுத்தரவு பெற்று, சில வாரங்களில் சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவால் நாடெங்கும் நின்றுபோனதற்குக் காரணம், இந்தக் கேள்வியைக் கேளாமலே எழுதப்பட்டதுதான் என்பது என் அபிப்பிராயம். அவ்விதிகளில் சந்தையில் நிழல், தண்ணீர், தொட்டி, வழுக்காத தரை, நோயுற்ற மாட்டுக்குத் தனியிடம் என்று நல்லவையும் பல இருந்தன. ஒன்றோடு சேர்ந்து மற்றவையும் முடங்கின.

மாடு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பேசுகிறோம். நாமக்கல்லின் முட்டைக்கோழியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கம்பிக் கூண்டுகளை அடுக்கடுக்காய்த் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் நான்கைந்து கோழிகளை அடைத்து வளர்க்கும் முறையில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம், நாம் மனு எழுதும் வெள்ளைத்தாளின் பரப்பைவிடக் குறைவு. அது இறக்கையை விரிக்க இயலாது, மண்ணைக் கிளற இயலாது, முட்டையிட ஒதுங்க இயலாது. சரிவான கம்பித் தளத்தின்மேல் நின்றபடியே முட்டையிட, முட்டை உருண்டு வெளியே சென்றுவிடுகிறது. அசைவதற்குப் போதிய நீள அகல உயரமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பது குற்றம் என்று 1960-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லியிருப்பதைத் தொண்டர்கள் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டினார்கள். மத்திய சட்ட ஆணையம் 2017 ஜூலையில் அளித்த 269-ஆவது அறிக்கையில், கோழி வளர்ப்புக்கென்று தனி விதிகள் வேண்டும் என்று வரைவோடு சிபாரிசு செய்தது. பண்ணைக்காரர்களுக்கோ கடன், தீவன விலை, நாள்தோறும் மாறும் முட்டை விலை என்று தலைக்குமேல் வெள்ளம். ஆயினும் நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூண்டைப் பெரிதாக்கினால் முட்டைக்கு எத்தனை பைசா கூடும், நோய் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுச் சொல்லத் தகுதியானவர்கள் அங்கே இருக்கிறார்கள். தொண்டர்கள் அவர்களிடம் செல்ல வேண்டும்.

சாட்சியின் வலிமையைக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று மேட்டுப்பாளையத்துக்கு அருகில் 2021 பிப்ரவரியில் நடந்தது. பவானி ஆற்றங்கரையில் தேக்கம்பட்டியில் கோயில் யானைகளுக்காக நடந்த புத்துணர்வு முகாமில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் யானையை மரத்தோடு கட்டிவைத்துப் பாகர்கள் பிரம்பால் அடித்ததையும், அது வலி தாங்காமல் பிளிறியதையும் யாரோ ஒருவர் கைபேசியில் படம் எடுத்தார். சில நிமிஷப் படம், நாடே பார்த்தது, பாகர்கள் மீது நடவடிக்கை வந்தது. யானைக்கு 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கேடயம் இருக்கிறது. அதன் தண்டனைகள் வருஷக்கணக்கில் சிறை. அதே பிரம்பு எருதின் முதுகில் விழுந்தால் ஐம்பது ரூபாய். வலி என்ற அளவில் இரண்டு முதுகுக்கும் வேற்றுமை ஏது?

இந்த வேற்றுமையை ஓரளவு போக்க முற்படுவதுதான், ‘இனி ஐம்பது இல்லை’ என்ற கோரிக்கையோடு நாடெங்கும் தொண்டர்கள் நடத்திய இயக்கத்தை அடுத்து, மத்திய சர்க்கார் 2022 நவம்பர் 21-ஆம் தேதி வெளியிட்ட திருத்த மசோதாவின் வரைவு. ஐந்து சுதந்திரங்களைச் சட்டத்திலேயே எழுதுவது, நிரந்தர ஊனமோ மரணமோ விளைவிக்கும் குரூரத்தைத் தனிக் குற்றமாக்கிச் சிறைத்தண்டனையும் பெரும் அபராதமும் விதிப்பது, கொன்றால் ஐந்து வருஷம் வரை சிறை என்பது ஆகியவை அதில் இருந்தன. பொதுஜனங்கள் டிசம்பர் 7-க்குள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம்! அந்த இரண்டு வாரத்தில் தொண்டர்கள் பிரிவு பிரிவாகப் படித்துக் குறிப்பெழுதி அனுப்பினார்கள். வரைவு இன்னும் சட்டமாகவில்லை. இதற்கிடையில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆவது பிரிவு, பிராணியைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் ஐந்து வருஷம் வரை சிறை வைத்திருப்பது உண்மையே. ஆனால் அது சொத்து நஷ்டம் என்ற கருத்தில் வேரூன்றிய பிரிவு. பிராணிகள் மீதான பாலியல் கொடுமையைத் தண்டிக்க இடமளித்திருந்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு புதிய சம்ஹிதையில் இல்லாமற்போனதால், வாயற்ற ஜீவனுக்கு நேரும் மிக இழிந்த கொடுமை ஒன்றுக்கு அதே அளவு தண்டனை தர இன்று தனிப்பிரிவு இல்லை. 2022-இன் வரைவில் அதற்கும் இடமிருந்தது என்பதால் அது தாமதமாகும் ஒவ்வொரு நாளும் எனக்கு உறுத்துகிறது.

நடப்பிலுள்ள விதிகளிலேயே உயிர்கொடுக்க வேண்டியவை அநேகம் உண்டு. வண்டிமாட்டை ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை பூட்டவே கூடாது. ஆணி பதித்த தார்க்குச்சி கூடாது என்று 1965-ஆம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வைகாசியில் வெயில் அந்த அளவைத் தாண்டாத நாள் அபூர்வம். ஆனால் இப்படி ஒரு விதி இருப்பதை அறிந்த வண்டிக்காரர் அதைவிட அபூர்வம். சொன்னால் ஒப்புக்கொள்ளாதவர்களும் அல்லர். உச்சி வெயிலில் மாட்டை அவிழ்த்துப் புளியமர நிழலில் கட்டிவிட்டுத் தாமும் சாய்ந்துகொள்வது அவர்களுடைய தகப்பனார் காலத்து வழக்கமே.

மாவட்டந்தோறும் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் ஒன்று இருக்க வேண்டும் என்றும், அதன் நிர்வாகத்தில் உள்ளூர்ப் பிராணிநல அமைப்புகளுக்கு இடம் வேண்டும் என்றும் 2001-ஆம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. கோவையிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் திருப்பூரிலும் அந்தச் சங்கங்களின் கூட்டங்களுக்கு, கண்ணபுரத்தில் மாடு விற்கிற குடியானவரையும், பொள்ளாச்சியில் லாரி ஓட்டுகிறவரையும், கோழிப்பண்ணைக்காரரையும், கால்நடை மருத்துவரையும், அந்தச் சலித்துப்போன தலைமைக் காவலரையும் அழைத்து அமர்த்த வேண்டும். ஓய்ந்த எருதுக்கும் காளைக்கன்றுக்கும் காப்பிடம் எங்கே, அதன் தீவனச் செலவு யாருடையது, அபராதத்தில் எவ்வளவு அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையெல்லாம் அங்கே பேசி முடித்து எழுதி, வரைவு மறுபடியும் மக்கள் முன் வைக்கப்படும் இரண்டு வாரத்துக்குக் காத்திராமல், இப்போதே கொங்கு நாட்டு எம்.பி.க்கள் ஒவ்வொருவரிடமும் தொண்டர்கள் கொடுத்துவிடுவது நலம்.